தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிறவர்களுக்கு: சேர்வதிலிருந்து சம்பாதிப்பது வரை

பிளஸ் டூ முடித்துவிட்டு டிசைன் படிக்கிறேன் என்று நம் பக்கம் ஒரு பிள்ளை சொன்னால், “அதுக்கு எதுக்கு காலேஜ்? மூணு மாசம் கம்ப்யூட்டர் சென்டர் போனா போதாதா?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்) படித்துவிட்டு, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனிகளுக்கு லேபிளும் ஓசூர் தொழிற்சாலைகளுக்குக் கேட்லாக்கும் செய்து கொடுக்கிறேன். அண்மையில் அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்தபோது, நான் சேர்ந்த காலத்துச் சிக்கல்கள் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். எந்தப் படிப்பு, என்ன சான்றிதழ், எப்போது விண்ணப்பம் என்று முழு விவரம் ஒரே இடத்தில் கிடைக்கவே இல்லை. இனி வருபவர்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப், கோரல்டிரா கற்றுக்கொள்ள மட்டும் என்றால் கல்லூரி தேவையில்லை. கண்ணைப் பழக்கவும், செய்ததைப் பத்துப் பேர் முன் வைத்துத் திருத்தம் வாங்கவும், பட்டம் கேட்கும் வேலைகளுக்குப் போகவும் கல்லூரி தேவை. இதையெல்லாம் தராத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.

1. எந்தப் படிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘கிராஃபிக் டிசைன்’ என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு தேடினால் நம் பக்கம் அதிகம் கிடைக்காது. வேறு பெயர்களில் இருக்கிறது.

பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம், 3 ஆண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாகக் கிடைப்பது இதுதான். ஆனால் இதில் டிசைன் ஒரு பகுதி மட்டுமே. போட்டோ, வீடியோ, விளம்பரம், சினிமா, பத்திரிகை எல்லாம் சேர்ந்தே வரும். டிசைன் மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் சலிப்பு வரலாம். ஆனால் கேமராவும் கொஞ்சம் வீடியோவும் தெரிந்த டிசைனருக்கு இன்று வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பி.எஃப்.ஏ., அதாவது நுண்கலைப் பட்டம், 4 ஆண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பிரிவு இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தரமாட்டார்கள். உட்கார வைத்து வரையச் சொல்வார்கள். கை நன்றாக ஓடும் பிள்ளைக்கு, வீட்டில் வசதி இல்லையென்றால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டம், 4 ஆண்டு. அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்; திருச்சியில் உள்ள பொறியியல் என்.ஐ.டி. இல்லை), மும்பை, டெல்லி, குவாஹாத்தி, ஹைதராபாத் போன்ற ஐ.ஐ.டி.கள், சென்னைத் தரமணியில் உள்ள என்.ஐ.எஃப்.டி. (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ஆகியவை இந்த வகை. நுழைவுத் தேர்வு கட்டாயம். கட்டணம் லட்சங்களில் போகும். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.ஐ.டி. டிசைனுக்கான யூசீட் தேர்வைக் காமர்ஸ், ஆர்ட்ஸ் பிரிவு மாணவர்களும் எழுதலாம். இந்த ஒரு விவரம் தெரியாமலேயே நம் பள்ளிகளில் பலர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கடைசியாக, தனியார் சென்டர்களின் டிப்ளமோ. சில மாதத்தில் மென்பொருள் சொல்லித் தருவார்கள். வேறு பட்டம் படித்துக்கொண்டே பக்கத்தில் இதைச் செய்வது நல்ல ஏற்பாடு. ஆனால் ‘டிகிரிக்குச் சமம்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் வரவில்லையென்றால் அது பட்டம் இல்லை.

2. எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இங்கேதான். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அதற்குப் பிறகுதான் கல்லூரி பற்றிப் பேச்சு தொடங்குகிறது. அதற்குள் பி.டெஸ். கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்.

யூசீட் விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே அக்டோபர் வாக்கில் வரும், தேர்வு ஜனவரியில். என்.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கும் என்.ஐ.எஃப்.டி. தேர்வுக்கும் அதே பருவத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மூன்று இணையதளங்களையும் பாருங்கள். யூசீட்டை இரண்டு முறைதான் எழுத முடியும், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில். என்.ஐ.டி.க்கு வயது வரம்பு உண்டு. படிப்பை நிறுத்தி ஓரிரு ஆண்டு இடைவெளி விட்டவர்கள் முதலில் அதைப் பாருங்கள். தேர்வு மையம் தேர்ந்தெடுக்கும்போது பெங்களூருவும் பட்டியலில் இருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட அதுதான் வசதி. காலைத் தேர்வு என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஓசூர் தாண்டிய பிறகு டிராஃபிக் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதத்தில் ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பம். சமீப ஆண்டுகளில் கட்டணம் 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு வெறும் 2 ரூபாய். எந்த அரசுக் கல்லூரியில் விஸ்காம் இருக்கிறது என்பதை அதே தளத்தின் பாடப்பிரிவுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரிகள் ரிசல்ட் வரும் முன்பே சேர்க்கையைத் தொடங்கிவிடும். கவின் கலைக் கல்லூரி அறிவிப்பு ரிசல்ட்டை ஒட்டி வரும். அதற்காகக் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், விண்ணப்பிக்க அதிக நாள் கொடுக்கமாட்டார்கள்.

3. சான்றிதழ்களை ஜனவரிக்குள் தயார் செய்யுங்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் (பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதியவர்கள் அதையும்), டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் அளவு போட்டோ. இவை எல்லோருக்கும் தேவை.

முதலில் பெயரைப் பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், சாதிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். அக்கா மகளுக்கு இப்படித்தான் ஆனது: மூன்று ஆவணம், மூன்று விதமான பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். ஆதாரில் திருத்துவது சுலபம். மதிப்பெண் பட்டியலில் திருத்துவது பெரிய வேலை.

வருவாய்த் துறைச் சான்றிதழ்கள் இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். முதல் முறை போகிறவர்களுக்குக் ‘கேன்’ எண் என்று ஒன்று பதிவு செய்வார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேலை வேகமாக நடக்கும். விண்ணப்பித்த பிறகு சும்மா இருக்காதீர்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படிப்படியாகப் போகும். எங்கே நிற்கிறது என்று ஆன்லைனில் பார்த்து அந்த ஆபீசில் கேளுங்கள். மே, ஜூனில் ஊரே விண்ணப்பிக்கும் என்பதால் தாமதமாகும். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். சித்தேரி, வத்தல்மலைப் பிள்ளைகள் இதைப் பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

இதில் பெரிய பொறி ஒன்று. என்.ஐ.டி., ஐ.ஐ.டி., என்.ஐ.எஃப்.டி. எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் சேர்க்கை அறிவிப்பில் சொன்ன தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றிதழ் செல்லாது. இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடத்தை இழந்தவர்கள் உண்டு.

அப்புறம், முதல் பட்டதாரிச் சான்றிதழ். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விஸ்காம் சேர்ந்தால் கட்டணம் குறையும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்கானது.

4. பணம் கட்டும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள்

விளம்பரத்தில் உள்ள கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு வேலை நாளில், வகுப்பு நடக்கும்போது போங்கள். விஸ்காம் லேப் எங்கே என்று கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை மாணவர்? மென்பொருள் லைசென்ஸ் உள்ளதா? சுவரில் மாணவர் வேலைகள் ஒட்டியிருக்கிறதா, அவை இந்த ஆண்டு செய்தவையா?

மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். “உன் போர்ட்ஃபோலியோவைக் காட்டு தம்பி” என்று கேளுங்கள். செய்த வேலைகளின் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. மூன்று ஆண்டு படித்தவர் போனைத் திறந்து ஆறேழு வேலையாவது காட்ட வேண்டும். பிறந்தநாள் பேனரும் கல்லூரி விழாப் போஸ்டரும் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தக் கல்லூரியில் திருத்திச் சொல்ல ஆள் இல்லை என்று பொருள். ஆசிரியர்களில் வெளியே வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். நான் எதையும்விட இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரும் பாடப்பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பாடத்திட்டத்தையும் அங்கேயே இறக்கிப் படியுங்கள். ஆறு செமஸ்டரில் டிசைன், டைப்போகிராஃபி (எழுத்துகளைத் தேர்ந்து அமைக்கும் கலை), பிரிண்டிங் எத்தனை தாளில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லை, பெங்களூரு புரோக்கர்கள். ரிசல்ட் வந்த வாரமே போன் வரும். “சீட் இருக்கு, டொனேஷன் இல்லை, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா கன்ஃபர்ம்” என்பார்கள். கல்லூரி அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. அது உங்கள் கட்டணத்தில்தான் ஏறும். பெங்களூருவில் நல்ல டிசைன் கல்லூரிகள் நிச்சயமாக இருக்கின்றன. அங்கே படிக்க நினைத்தால் நேராகக் கல்லூரி ஆபீசுக்குப் போங்கள், பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டு அரசின் மாத உதவித்தொகைத் திட்டங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர்பவர்களுக்கானவை என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால்? 2018-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரி மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் அலுவலகச் செலவென்று ஒரு சிறு தொகை போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதற்குப் பின் கடைசித் தேதி வரை 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விலகுவதாக எழுத்தில் கொடுத்துத் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. எங்கள் வீட்டிலேயே ஒரு கல்லூரி மாற்றிச் சேர்த்தோம். “பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க” என்று இழுத்தவர்கள், அந்த அறிவிப்பின் நகலை மேசையில் வைத்ததும் வழிக்கு வந்தார்கள்.

5. செலவு

கல்லூரிக் கட்டணம் ஒரு பகுதிதான். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டியூஷன், லேப், தேர்வு, பஸ் அல்லது ஹாஸ்டல், ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்று ஆண்டுதோறும் வருவது, கடைசி ஆண்டு புராஜெக்ட். விஸ்காமில் கடைசியாகச் சொன்ன இரண்டும் எதிர்பாராமல் கடிக்கும்.

லேப்டாப் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டரில் பெரும்பாலும் பென்சில், பேப்பர், வண்ணம்தான். இரண்டாம் செமஸ்டரில் வாங்கினால் எது தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., நல்ல திரை. இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடோபி மென்பொருளுக்கு மாணவர் விலை உண்டு. அதுவும் முடியாதென்றால் இங்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் நான்கும் முழுக்க இலவசம். ஃபிக்மாவிலும் இலவசக் கணக்கு இருக்கிறது. திருட்டுப் பிரதியில் பழகாதீர்கள். வைரஸ் வந்து ஒரு செமஸ்டர் வேலையே போனவர்களை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்கு உள்ள ‘எமிஸ்’ எண்ணைப் பள்ளியில் டி.சி. வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். வெறும் கணக்கு திறந்தால் போதாது, ‘ஆதார் சீடிங்’ ஆகிவிட்டதா என்று வங்கியில் கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்.

வங்கிக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஈடும் சொந்தப் பங்கும் இல்லாமல் வாங்கலாம். சேர்க்கைக் கடிதத்தோடு ஆண்டு வாரியான கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டு போங்கள். ஹாஸ்டல், லேப்டாப் செலவையும் அதில் எழுதச் சொல்லுங்கள், கடனில் சேர்க்கலாம். தனியார் சென்டர் டிப்ளமோவுக்கு இந்தக் கடனை நம்பாதீர்கள்.

6. கல்லூரி சொல்லித் தராததை நீங்களே தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் வேலை பார்த்துச் சம்பாதிப்பதற்கும் பட்டம் வாங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி இதுதான்.

முதலில் தமிழ் எழுத்து. வகுப்பில் டைப்போகிராஃபி முழுக்க ஆங்கில எழுத்துகளை வைத்தே நடக்கும். வெளியே வந்தால் முதல் வேலை கல்யாணப் பத்திரிகையோ கடைத் திறப்பு விழா நோட்டீஸோதான். கஸ்டமர் மேட்டரை வாட்ஸ்அப்பில் யூனிகோடில், அதாவது போனில் தட்டும் பொது எழுத்துமுறையில், அனுப்புவார். பிரஸ்ஸில் பழைய எழுத்துருக்கள் இருக்கும். ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். மாற்றித் தரும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தியபின் வரி வரியாகப் படியுங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’ மூன்றும் அடிக்கடி உடையும். இல்லஸ்ட்ரேட்டரில் யூனிகோடு தமிழ் போட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரெஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டச் சொல்லி, பத்தி அமைப்பில் எழுத்துகளை அடுக்கும் கம்போசரை ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். இன்டிசைனில் அதற்குப் பெயர் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

ஓசூர்ப் பக்கம் வேலை என்றால் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வரும். அந்த மொழிகளில் ஒத்து எழுத்துகள் வரிக்குக் கீழே தொங்கும். தமிழுக்குப் போட்ட அதே வரி இடைவெளியை வைத்தால் அடுத்த வரியோடு மோதும். மொழி தெரியாவிட்டாலும் இதைக் கண்ணால் பார்த்துச் சரி செய்யலாம். ஆனால் பிரிண்டுக்குப் போகும் முன் அந்த மொழி படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டியே தீர வேண்டும்.

அடுத்தது பிரஸ். முதலாண்டு விடுமுறையில் ஒரு மாதம் ஆஃப்செட் பிரஸ்ஸில் போய் நில்லுங்கள். தருமபுரியிலோ சேலத்திலோ கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். பிளேட், அதாவது அச்சுத் தகடு, எப்படி வருகிறது, நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று எப்படி விழுகிறது என்று பார்த்தால் வகுப்பில் படித்த சி.எம்.ஒய்.கே. (சயான் நீலம், மெஜந்தா சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மை) அன்றைக்குத்தான் புரியும்.

ஒரு மாங்கூழ் டின் லேபிளை வைத்தே சொல்கிறேன். 3.1 கிலோ டின் ஒன்று, அதைச் சுற்றி ஒட்டும் பேப்பர் லேபிள். திரையில் மாம்பழ மஞ்சள் பளபளவென்று இருக்கும். அச்சில் அந்தப் பளபளப்பு வராது. மஞ்சளோடு மெஜந்தா கொஞ்சம் சேர்த்தால்தான் பழுத்த நிறம் வரும், சயான் கொஞ்சம் கலந்துவிட்டாலும் பழம் காயாகத் தெரியும். லேபிளின் இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும் இடத்தில் எந்த எழுத்தும் வரக் கூடாது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதபடி நிறத்தை நீட்டிய பகுதி, விட வேண்டும். பொடி எழுத்துகளைக் கருப்பு ஒரே மையில் வையுங்கள்; நான்கு மையும் கலந்த கருப்பில் வைத்தால் பிளேட் இம்மி நகர்ந்தாலே எழுத்துக்கு நிழல் விழும். சின்ன டப்பா, பாட்டில் என்றால் பார்கோடை ஏணிப் படி மாதிரி கிடைக்கோடாக நிற்கும்படி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் ஸ்கேன் ஆகாது. அப்புறம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, நிகர எடை, பேட்ச் எண்ணுக்கு வெற்றிடம். இதில் ஒன்று விட்டாலும் லேபிள் அத்தனையும் வீண். எந்தக் கல்லூரியிலும் எனக்கு இதை ஒரு வகுப்பாக நடத்தவில்லை. ஆனால் கல்லூரியில் பழகிய ஒழுங்கு, அதாவது அளவெடுத்து, ஸ்கெட்ச் போட்டு, மாதிரி ஒட்டிப் பார்த்து, பிறகே முடிப்பது, இந்த வேலையில் தினமும் உதவுகிறது. படிப்பின் பயன் எனக்கு அதுதான்.

போர்ட்ஃபோலியோவுக்கு எட்டிலிருந்து பத்து வேலை போதும். ஒவ்வொன்றுக்கும் முதல் ஸ்கெட்சையும் முடிவையும் பக்கத்தில் வையுங்கள். இல்லாத பெரிய பிராண்டுக்கு லோகோ செய்வதைவிட, உங்கள் தெருவில் உள்ள எண்ணெய்ச் செக்குக்கோ பூக்கடைக்கோ நிஜமாகச் செய்து கொடுத்ததை வைத்தால் பார்ப்பவர் நின்று பார்ப்பார்.

7. வேலை எங்கே, பட்டம் எங்கே உதவும்

ஃப்ளெக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ: இங்கே யாரும் பட்டம் கேட்கமாட்டார்கள், வேகம்தான் கேட்பார்கள். தொடக்கச் சம்பளம் குறைவு. ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்தால் கை வேகமும் கஸ்டமரிடம் பேசும் முறையும் வரும். அதற்கு மேல் இருந்தால் தேங்கிவிடுவீர்கள் என்பது என் அபிப்பிராயம். பிறந்தநாள் பேனர் மாதிரி வேலைகளை இப்போது கேன்வாவிலும் ஏ.ஐ.யிலும் கஸ்டமரே செய்துகொள்கிறார். பொறுப்பு ஏற்க வேண்டிய வேலை, அதாவது லேபிள், பேக்கேஜிங், கேட்லாக், பாடநூல், ஆப் வடிவமைப்பு, இன்னும் ஆளைத்தான் தேடுகிறது.

பட்டம் உதவுவது கம்பெனிகளில். ஓசூர்த் தொழிற்சாலைகளின் மார்க்கெட்டிங் பிரிவு, பெங்களூரு ஏஜென்சிகள், மென்பொருள் நிறுவனங்களின் யூ.ஐ. (ஆப், இணையதளத் திரை வடிவமைப்பு) வேலை எல்லாவற்றிலும் விண்ணப்பத்தில் முதல் கட்டமே பட்டம்தான். அது இல்லையென்றால் பல இடங்களில் போர்ட்ஃபோலியோவைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். முதுகலை படிக்கவும் பட்டம் வேண்டும். வீட்டில் அரசு வேலை பற்றிக் கவலைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை விஸ்காம் படித்தவரும் எழுதலாம்.

தனியாகச் செய்ய நினைத்தால் உத்யம், அதாவது மத்திய அரசின் சிறு, குறு தொழில் பதிவு, செய்யுங்கள். அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் வெளியேறிவிடுங்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் ஃபைலைத் திறக்காதீர்கள், தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் சரி. எத்தனை கரெக்‌ஷன் வரை இந்த விலை, ஓபன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்டால் எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பிளேட்டுக்குப் போகும் முன் முதலாளியிடமிருந்தே “ஓகே” என்று மெசேஜ் வாங்குங்கள், அவர் தம்பியிடமிருந்தோ மேனேஜரிடமிருந்தோ அல்ல. 5,000 லேபிளில் போன் நம்பர் ஒரு எண் மாறிவிட்டால் யார் பணம் கட்டுவது என்பதை அந்த ஒரு மெசேஜ்தான் முடிவு செய்யும்.

8. கல்லூரியை விட்டு வரும்போது

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்), டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ் நான்கையும் வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும். அதுவரை வேலைக்குப் புரொவிஷனல் போதும். லைப்ரரி, லேப், ஹாஸ்டல் மூன்றிலும் ‘நோ டியூ’ கையெழுத்து இல்லாமல் டி.சி. தரமாட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இன்டர்ன்ஷிப் செய்த இடங்களில் தேதியும் முத்திரையும் உள்ள கடிதம் அந்தந்த நேரத்திலேயே வாங்கிவிடுங்கள், பிறகு போனால் ஆள் மாறியிருப்பார்.

லேப் கம்ப்யூட்டரில் உள்ள உங்கள் ஃபைல்களைக் கடைசித் தேர்வுக்கு முன்பே ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடுவார்கள். பி.டி.எஃப். மட்டும் எடுத்தால் போதாது. எழுத்துருக்கள், படங்களோடு ஓபன் ஃபைலாக, இரண்டு இடத்தில் வையுங்கள்.